ஓல்கா கனிஸ்கினாவின் பதக்கக் கணக்கு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

ரஷ்ய வேகநடை வீராங்கனை ஓல்கா கனிஸ்கினா மூன்று முறை உலகச் சாம்பியன் என்று பழைய கட்டுரை ஒன்றில் படித்திருக்கிறீர்கள். இன்னொரு பட்டியலில் ஒரே ஒரு முறை என்று இருக்கிறது. லண்டன் ஒலிம்பிக் வெள்ளி ஓரிடத்தில் இருக்கிறது, வேறிடத்தில் காணவில்லை. எது சரி என்பது நீங்கள் கேட்டது. ஆனால் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்களே, "ஊக்கமருந்து என்றால் எல்லாமே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் எதுவும் போயிருக்கக் கூடாது, பாதி போய்ப் பாதி நிற்பது எப்படி?" என்று, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். எண்ணிக்கையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பாதி ஏன் நிற்கிறது என்பதற்கு, இந்தப் போட்டியில் எப்படித் தீர்ப்பு சொல்கிறார்கள், ரத்தப் பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்றெல்லாம் கொஞ்சம் விளக்க வேண்டும்.

முதலில் கணக்கு. இன்றைய அதிகாரபூர்வ நிலவரப்படி கனிஸ்கினாவிடம் நிற்பவற்றில் பெரியவை இரண்டு: 2007 ஒசாகா உலகச் சாம்பியன் பட்டம், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம். இரண்டுமே 20 கிலோமீட்டர். பறிக்கப்பட்டவற்றில் பெரியவை நான்கு: 2009 பெர்லின் உலகப் பட்டம், 2010 பார்சிலோனா ஐரோப்பியப் பட்டம், 2011 தேகு உலகப் பட்டம், 2012 லண்டன் ஒலிம்பிக் வெள்ளி. கோடு விழுந்த நாள் 2009 ஆகஸ்ட் 15. அந்த நாளிலிருந்து 2012 அக்டோபர் 15 வரை அவர் பெற்ற முடிவுகள் எல்லாம் ரத்து. பெர்லின் போட்டி நடந்தது ஆகஸ்ட் 16 அன்று, கோட்டுக்கு மறுநாள். நீங்கள் படித்த கட்டுரை 2011-க்கும் 2015-க்கும் இடையில் எழுதப்பட்டதாக இருந்தால் அது எழுதப்பட்ட நேரத்தில் தவறில்லை. பின்னால் ஏடு மாறிவிட்டது.

இவர் எங்கிருந்து வந்தார் என்பதிலிருந்து தொடங்கினால்தான் பிற்பாடு நடந்தது விளங்கும். ரஷ்யாவின் வேகநடைக்கு வோல்கா பக்கத்து இரண்டு சிறிய குடியரசுகள்தான் ஊற்று. ஒன்று சுவாஷியா, அதன் தலைநகர் செபோக்சரி. 1996 அட்லாண்டாவில் 10 கிலோமீட்டர் தங்கம் வென்ற யெலேனா நிகோலாயெவாவும், 2001-லும் 2005-லும் உலகப் பட்டம் வென்ற ஒலிம்பியாதா இவனோவாவும் அங்கே பிறந்தவர்கள். மற்றது மொர்தோவியா, தலைநகர் சாரான்ஸ்க். அங்கிருந்து வந்த இரினா ஸ்தான்கினா 1995-ல் கோத்தன்பர்க்கில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 18. கனிஸ்கினா மொர்தோவியாவின் நபோல்னயா தாவ்லா கிராமத்தில் 1985 ஜனவரி 19 அன்று பிறந்தவர். சாரான்ஸ்கில் பயிற்சியாளர் விக்டர் செகினின் குழுவில் வளர்ந்தார். 2008 ஒலிம்பிக்கில் ஆண்கள் 20 கிலோமீட்டர் தங்கம் வென்ற வலேரி போர்ச்சினும் அதே குழு. அந்த நகரத்துப் பயிற்சி மையத்துக்குச் செகினின் பெயரையே வைத்திருந்தார்கள். இந்தக் குழுவில் ஒருவர் பின் ஒருவராகத் தடை பெற்றவர்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. செகினுக்கு 2016-ல் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. ஆகவே கனிஸ்கினாவின் கதையைத் தனி ஒருவர் செய்த தவறாகப் படித்தால் பாதிதான் புரியும்.

சர்வதேச மேடையில் அவர் முதலில் கண்ணில் பட்டது 2006 கோத்தன்பர்க் ஐரோப்பியப் போட்டியில். பெலாரஸின் ரீத்தா துராவா 1 மணி 27 நிமிடம் 8 விநாடியில் தங்கம் வாங்க, கனிஸ்கினா 1:28:35-ல் வெள்ளி. மறு ஆண்டு ஒசாகாவில், ஆகஸ்ட் மாதக் கடைசியின் புழுக்கத்தில், 1:30:09. நேரம் மட்டும் பார்த்தால் சுமார்தான். ஆனால் இரண்டாவதாக வந்த சக ரஷ்யர் தத்யானா ஷெம்யாகினாவுக்கும் அவருக்கும் 33 விநாடி இடைவெளி. வெயிலில் நடக்கும் போட்டியில் கடிகாரத்தை விட இந்த இடைவெளிதான் பேசும்: எல்லோரும் தளரும்போது தான் தளராமல் இருப்பது. அப்போது அவருக்கு வயது 22.

2008 மே மாதம் செபோக்சரியில் உலக வேகநடைக் கோப்பை. 1:25:42-ல் வென்றார். அன்றைய உலக சாதனை ஒலிம்பியாதா இவனோவா 2005 ஹெல்சிங்கியில் வைத்த 1:25:41. ஒரே ஒரு விநாடி. ஆகஸ்ட் 21 அன்று பெய்ஜிங்கில் மழை. சீக்கிரமே கூட்டத்திலிருந்து பிரிந்து, மீதித் தூரத்தைத் தனியாக நடந்து, 1:26:31-ல் முடித்தார். நார்வேயின் ஷெர்ஸ்தி ப்லெட்சர் 1:27:07, இத்தாலியின் எலிசா ரிகாவுதோ 1:27:12. அதற்கு முந்தைய ஒலிம்பிக் சாதனை 2000 சிட்னியில் வாங் லிப்பிங் வைத்த 1:29:05. ஒரே போட்டியில் அதை இரண்டரை நிமிடத்துக்கும் மேல் இறக்கிவிட்டார். பெய்ஜிங் நடையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: கிலோமீட்டருக்குச் சுமார் 4 நிமிடம் 20 விநாடி, மணிக்கு 13.9 கிலோமீட்டர். பூங்காவில் நன்றாக ஓடுபவர்களே பலரால் இந்த வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட முடியாது. இவர் நடந்து இருபது முடித்திருக்கிறார்.

"நடந்து" என்பதற்கு விதியில் இரண்டு நிபந்தனை. ஒன்று, கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. இரண்டு, முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடல் அதற்கு நேர் மேலே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. முதல் நிபந்தனையில் "கண்ணுக்குத் தெரியும்படி" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாக நடக்கும் முன்னணி வீரர்களை அதிவேகக் கேமராவில் எடுத்தால் ஏறக்குறைய ஒவ்வோர் அடியிலும் சில பத்து மில்லிவிநாடிகள் காற்றில் இருப்பது தெரியும். மனிதக் கண்ணுக்கு அது சிக்குவது சுமார் 40 மில்லிவிநாடியைத் தாண்டும்போதுதான். நடுவர்கள் வெறுங்கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வேண்டும், வீடியோ கூடாது. ஆகவே படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து "இரண்டு காலும் தரையில் இல்லையே, ஓடுகிறார்" என்று வாதிடுவது இந்த விளையாட்டில் செல்லாது.

நடுவர் வேலை எப்படி நடக்கிறது என்றால், ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் இடம்விட்டு இடம்விட்டு எட்டு நடுவர்கள் வரை நிற்பார்கள், மேலே ஒரு தலைமை நடுவர். சந்தேகம் வந்தால் கைப்பிடி வைத்த மஞ்சள் வட்டைக் காட்டுவார்கள். அலைக்கோடு போட்ட பக்கம் காட்டினால் கால் எழும்புகிறது, கோணம் போட்ட பக்கம் காட்டினால் முழங்கால் மடங்குகிறது என்று பொருள். இது எச்சரிக்கை மட்டும். தவறு உறுதி என்று பட்டால் நடுவர் சிவப்பு அட்டை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவார். ஒரு நடுவர் ஒருவருக்கு ஒரு சிவப்பு அட்டைதான் எழுத முடியும். மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று வந்துவிட்டால், கனிஸ்கினா நடந்த காலத்தில், நேரே வெளியேற்றம். இப்போது உலகப் போட்டிகளில் மூன்றாவதுக்குத் தண்டனைப் பகுதியில் நிற்க வேண்டும், 20 கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம். நான்காவதுக்குத்தான் வெளியேற்றம். யார் மீது எத்தனை சிவப்பு என்பது பாதையோரப் பலகையில் ஏறிக்கொண்டே இருக்கும், நடப்பவருக்கும் தெரியும்.

தனியாக முன்னே போவதில் இருக்கும் ஆபத்து இதுதான். கூட்டத்தில் நடந்தால் நடுவரின் கண் பத்துப் பேர் மீது பரவும். தனியாகப் போனால் எட்டு ஜோடிக் கண்களும் ஒரே ஜோடிக் கால்கள் மேல். அப்படிப் போய்த் தப்பிக்க நுட்பம் சுத்தமாக இருக்க வேண்டும். இடுப்பு முன்னும் பின்னும் சுழல வேண்டும், அப்போதுதான் காலை நீட்டி எறியாமலே அடி நீளும். பாதங்கள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். குதிகால் முதலில் தொட்டு, நுனிவிரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். கை தாழ, முழங்கை கிட்டத்தட்ட செங்கோணத்தில். கையை உயர்த்தி வீசினால் தோள் எழும், தோள் எழுந்தால் உடலே எழும், பாதம் தரையை விட்டுவிடும். களைப்பில் கெடுவதற்கும் ஒரு முறை உண்டு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை எரிந்து குதிகால் ஊன்றுவது தட்டையாகும், பிறகு தொடையின் பின்பக்கத் தசை தளர்ந்து முழங்கால் மடங்கத் தொடங்கும். கடைசி மூன்று கிலோமீட்டரில் சிவப்பு அட்டைகள் குவிவது அதனால்தான். 20 கிலோமீட்டருக்குச் சுமார் 17 முதல் 18 ஆயிரம் அடிகள், ஒவ்வொன்றும் தேர்வுக்கு உட்பட்டது. கனிஸ்கினா இத்தனை அடிகளையும் முன்னால் நின்று வைத்தார் என்பதில் பின்னாளில் நடந்த எதுவும் மாற்றம் செய்யாது. நுட்பத்தை ஊசியால் ஏற்ற முடியாது. ஆனால் அந்த நுட்பத்தை 85 நிமிடம் தாங்கிப் பிடிப்பது ரத்தம் கொண்டுசேர்க்கும் ஆக்சிஜன். அதை ஏற்ற முடியும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவருடைய மிக வேகமான நேரம் 1:24:56, 2009 பிப்ரவரியில் கருங்கடலோர நகரமான அத்லரில் நடந்த ரஷ்யக் குளிர்காலப் போட்டியில். அன்றைய உலக சாதனையை விட 45 விநாடி குறைவு, ஆனாலும் சாதனை ஏட்டில் ஏறவில்லை. வேகநடைச் சாதனைக்குக் கடிகாரம் மட்டும் போதாது. பாதை முறைப்படி அளக்கப்பட்டிருக்க வேண்டும், மருந்துப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும், குறைந்தது மூன்று சர்வதேசத் தகுதி பெற்ற நடுவர்கள் பாதையில் நின்றிருக்க வேண்டும். அத்லரில் இந்த நடுவர் எண்ணிக்கை நிறையவில்லை. அதே ஊரில் 2001-ல் இவனோவா நடந்த 1:24:50-யும் இப்படியே ஏறாமல் போனது. இந்த விதி ஏன் கடுமை என்றால், நடையா ஓட்டமா என்பதைத் தீர்மானிப்பது நடுவரின் கண் மட்டுமே. உள்ளூர் நடுவர்கள் மட்டும் நிற்கும் பாதையில் எடுத்த நேரத்தை உலகம் அப்படியே ஏற்க முடியாது. 2012 லண்டனில் மறுபடியும் ஒரு விநாடி. உலக சாதனை அப்போது வேரா சொகொலோவாவின் 1:25:08. கனிஸ்கினா முடித்தது 1:25:09. இரண்டு முறை ஒரு விநாடி தள்ளி நின்று, உலக சாதனை என்று அதிகாரபூர்வமாக ஒன்றுகூட இல்லாமல் போனவர் இவர்.

கோட்டுக்குப் பின்னால் உள்ளவை, சாலையில் நடந்தபடி: 2009 பெர்லினில் 1:28:09, இரண்டாவதாக அயர்லாந்தின் ஆலிவ் லோக்னேன். 2010 பார்சிலோனாவில் 1:27:44, இரண்டாவதும் மூன்றாவதும் ரஷ்யர்களே. 2011 தேகுவில் 1:29:42, இரண்டாவது சீனாவின் லியு ஹோங். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு எதிரே உள்ள சாலையில் ஏறக்குறைய முழுத் தூரமும் முன்னே நடந்து, முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருபது வயது யெலேனா லஷ்மனோவாவிடம் தங்கத்தை விட்டார். லஷ்மனோவாவும் சாரான்ஸ்க், அதே பயிற்சியாளர்.

இப்போது ரத்தம். கனிஸ்கினாவின் தடை, சிறுநீரில் ஒரு மருந்து கிடைத்ததால் வந்ததல்ல. உயிரியல் கடவுச்சீட்டு என்ற முறையில் வந்தது. வித்தியாசம் முக்கியம். ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபோய்டின், சுருக்கமாக ஈபிஓ, உடலில் சில நாள்தான் தடயம் விடும். சோதனை அந்த நாள்களில் வராவிட்டால் தப்பிவிடலாம். ஆனால் அது ரத்தத்தில் செய்த மாற்றம் வாரக்கணக்கில் நிற்கும். கடவுச்சீட்டு தேடுவது மருந்தை அல்ல, அந்த மாற்றத்தை. ஆண்டுக்குச் சில முறை ரத்தம் எடுத்து, அதே ஆளின் முந்தைய அளவுகளோடு ஒப்பிடுவார்கள். மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிடுவது முதல் ஓரிரு மாதிரிக்குத்தான். மாதிரிகள் சேரச் சேர அவருக்கென்றே ஒரு மேல் எல்லையும் கீழ் எல்லையும் கணினியில் இறுகிக்கொண்டே வரும்.

பார்ப்பது முக்கியமாக இரண்டு. ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் விகிதம். ரெட்டிகுலோசைட் என்பது எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளஞ்சிவப்பணு. ரத்தத்தில் ஓரிரு நாள்தான் அந்த நிலையில் இருக்கும், பிறகு முதிர்ந்துவிடும். முதிர்ந்த அணு சுமார் 120 நாள் வாழும். அதனால் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை மஜ்ஜை இன்று என்ன வேகத்தில் வேலை செய்கிறது என்று சொல்லும், ஹீமோகுளோபின் கடந்த சில மாதங்களின் மொத்த இருப்பைச் சொல்லும். இரண்டையும் சேர்த்து ஒரு மதிப்பெண் கணக்கிடுவார்கள்: லிட்டருக்குக் கிராமில் ஹீமோகுளோபின், அதிலிருந்து ரெட்டிகுலோசைட் விகிதத்தின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை, கனிஸ்கினாவுடையவை அல்ல. சாதாரண நாளில் ஹீமோகுளோபின் 135, ரெட்டிகுலோசைட் 1 சதவீதம் என்றால் மதிப்பெண் 75. ஈபிஓ போட்டுக்கொண்டிருக்கும்போது மஜ்ஜை முடுக்கப்படுவதால் 145-ம் 2 சதவீதமும் ஆகலாம், மதிப்பெண் 60-க்கு இறங்கும். போட்டிக்கு முன் நிறுத்திவிட்டால், அணுக்கள் ஏற்கெனவே நிறைய இருப்பதால் உடல் தன் உற்பத்தியை அடக்கும். ஹீமோகுளோபின் 150, ரெட்டிகுலோசைட் 0.3 சதவீதம், மதிப்பெண் 117. இருப்பு உச்சத்தில், உற்பத்தி ஏறக்குறைய நின்ற நிலை. இயல்பான உடலில் இந்த இரண்டும் ஒன்றாக வருவது மிக அரிது. போட்டி நாளையொட்டி மட்டும் இந்த வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் நிபுணர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை, இல்லாவிட்டால் எண்கள் தாமே ஏமாற்றும். பயிற்சியோ போட்டியோ முடிந்து போதிய நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும் முன் பத்து நிமிடம் பாதங்கள் தரையில் பட நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் நின்றவர் ரத்தத்துக்கும் படுத்தவர் ரத்தத்துக்கும் செறிவு வேறுபடும். எடுப்பது உறையாமல் இருக்க மருந்து பூசிய சிறிய குழாயில் சில மில்லிலிட்டர். அதை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும். குளிர்ச்சியாக வைக்கலாம், உறைய வைத்தால் அணு உடைந்துவிடும். பெட்டிக்குள் வெப்பநிலை பதியும் கருவி கூடவே ஆய்வகம் வரை போகும். மேட்டுநிலத்தில் இருந்துவிட்டு வந்தாரா, ரத்தம் இழந்தாரா, ரத்தம் ஏற்றிக்கொண்டாரா என்றெல்லாம் படிவத்தில் கேட்பார்கள். மேட்டுநிலப் பயிற்சியும் ஹீமோகுளோபினை ஏற்றும் என்பது உண்மை. உடலில் நீர் வற்றினாலும் ஹீமோகுளோபின் செறிவு ஏறும், ஆனால் ரெட்டிகுலோசைட் விகிதம் அதனால் மாறாது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எல்லை மீறல் ஒன்றைக் கணினி காட்டியதும் தண்டனை வந்துவிடாது. பெயர் மறைத்த ஏட்டை மூன்று நிபுணர்கள் தனித்தனியே படித்து, மூவரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். அதன் பிறகு வீராங்கனையின் விளக்கம், அந்த விளக்கத்தின் மீது மறுபடி நிபுணர் கருத்து. எல்லாம் முடிய வருடங்கள் ஆகும். இவர் விஷயத்தில் முடிவு வெளிவந்தது 2015 ஜனவரியில்.

அந்த முடிவை எடுத்தது ரஷ்ய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான ருசாடா. தடை மூன்று ஆண்டு இரண்டு மாதம், 2012 அக்டோபர் 15-லிருந்து கணக்கு. ஆனால் முடிவுகளை ரத்து செய்வதில் ஒரு வேலை செய்தார்கள். 2009-ல் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை ஒரு துண்டு, 2011-ல் ஜூலைக் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இன்னொரு துண்டு. இந்த இரண்டுக்குள் வந்தவை மட்டும் ரத்து. பெர்லினும் தேகுவும் போயின, பார்சிலோனாவும் லண்டன் வெள்ளியும் பிழைத்தன. செகின் குழுவின் மற்ற சிலருக்கும் இதே பாணியில் துண்டு போட்டார்கள். லண்டனில் 50 கிலோமீட்டர் தங்கம் வென்ற செர்கேய் கிர்த்யாப்கினின் பதக்கமும் அப்போது அப்படித்தான் தப்பியது. நீங்கள் பார்க்கும் சில பட்டியல்கள் இந்த இடைநிலையிலேயே உறைந்து நிற்கின்றன. அதனால்தான் தேகு இல்லாமல் லண்டன் மட்டும் இருக்கிறது.

சர்வதேச தடகள சம்மேளனம் இதை ஏற்கவில்லை. சம்மேளன விதி, முறைகேடு தொடங்கிய நாளிலிருந்து தடை தொடங்கும் நாள்வரை எல்லா முடிவுகளும் ரத்து, நியாயம் வேறுவிதமாகக் கோரினால் ஒழிய, என்கிறது. விதிவிலக்கு ஒரு சிறு சன்னல்தான், ருசாடா அதை வாசலாக்கிவிட்டது என்பது சம்மேளனத்தின் வாதத்தின் சாரம். சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போனது. 2016 மார்ச் 24 அன்று தீர்ப்பு: துண்டு துண்டாக ரத்து செய்வது செல்லாது, 2009 ஆகஸ்ட் 15 முதல் 2012 அக்டோபர் 15 வரை முழுவதும் ரத்து. அன்றே கிர்த்யாப்கின், போர்ச்சின் உள்ளிட்ட மேலும் ஐந்து ரஷ்ய வீரர்களின் வழக்குகளிலும் தீர்ப்பு வந்தது. என் பார்வையில் இது சரியான தீர்ப்பு. ஆகஸ்டில் சந்தேக அளவு இருக்க, சந்தேக மாதிரி சிக்காத காலமெல்லாம் சுத்தம் என்று சொல்வது ரத்தம் எடுக்காத நாளையே நற்சான்றிதழ் ஆக்குவதாகும்.

ஆக, உங்கள் "பாதி" கேள்விக்கு நேரடி விடை: கோடு 2009 ஆகஸ்டில் விழக் காரணம், அதற்கு முன் அவர் நேர்மையாக நடந்தார் என்று யாரோ கண்டறிந்தது அல்ல. சான்று அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடவுச்சீட்டு முறை தடகளத்தில் நடைமுறைக்கு வந்ததே 2009-ல். ஒசாகாவிலும் பெய்ஜிங்கிலும் ஒப்பிட அவருக்கென்று ஏடு இல்லை. பெய்ஜிங் மாதிரிகளை மறுபரிசோதனை செய்ய ஒலிம்பிக் கமிட்டிக்கு எட்டு ஆண்டு அவகாசம் இருந்தது, அது 2016 ஆகஸ்டோடு முடிந்தது. அந்தத் தங்கம் இனிச் சட்டப்படி அவருடையது.

இதில் எது உறுதி, எது ஊகம் என்பதையும் பிரித்துவிடுகிறேன். ரத்த ஏடு இயல்புக்கு மாறானது, அதை மருந்தாலோ ரத்தம் ஏற்றியதாலோ தவிர விளக்க முடியாது என்று முறைப்படி தீர்மானமானது, அதன் கால எல்லை, ரத்தான போட்டிகள், இவை உறுதி. எந்த மருந்து, எவ்வளவு, யார் கொடுத்தார்கள் என்பதைக் கடவுச்சீட்டு சொல்லாது. அந்த முறையின் இயல்பே அது. "ஈபிஓ போட்டார்" என்று தீர்மானமாக எழுதுபவர்கள் ஒரு படி தாண்டி எழுதுகிறார்கள். 2008-க்கு முன்பும் எடுத்திருப்பார் என்பதும், அப்போது சுத்தம் என்பதும் இரண்டுமே ஊகம். அவர் இருந்த குழுவைப் பார்த்துச் சந்தேகப்பட இடமிருக்கிறது. ஆனால் சந்தேகத்தைத் தீர்ப்பாகப் பட்டியலில் எழுத முடியாது. வேகநடை நடுவர்கள் அவரைப் பெரிய போட்டிகளில் வெளியேற்றாததை வைத்து "நேர்மையாக நடந்தார்" என்று வாதிடுவோரும் உண்டு. நடுவர் பார்ப்பது முழங்காலையும் பாதத்தையும். ரத்தம் அவர் வேலை அல்ல.

பதக்கங்கள் யாரிடம் போயின என்பதையும் கேட்டிருந்தீர்கள். பெர்லின் தங்கம் ஆலிவ் லோக்னேனுக்கு. அவர் ஓய்வு பெற்ற பிறகுதான், 2016-ல், அது கையில் வந்தது. பெர்லினில் மேடை ஏறி அயர்லாந்து தேசிய கீதம் கேட்டிருக்க வேண்டிய நிமிடம் ஏழு வருடம் கழித்து எப்படித் திரும்பக் கிடைக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. தேகு தங்கம் லியு ஹோங்குக்கு. அவர் 2015-லும் 2019-லும் வென்றவர், இதோடு மூன்று உலகப் பட்டம். ஐரோப்பியத் தங்கம் அனிஸ்யா கிர்த்யாப்கினாவுக்குப் போனது. அவரும் அதே சாரான்ஸ்க் குழு, 2011 பிப்ரவரிக்குப் பிந்தைய அவருடைய முடிவுகளும் பின்னர் ரத்தாயின. அவருடைய கோடு பார்சிலோனாவுக்குப் பின்னால் விழுந்ததால் அந்தத் தங்கம் மட்டும் நின்றது. பதக்கத்தை அடுத்தவருக்கு நகர்த்துவதால் மட்டும் நீதி முழுமையாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

லண்டன்தான் மிகவும் சிக்கலானது, பட்டியல்களில் அதிகக் குழப்பமும் அதனால்தான். சாலையில் முடிந்த வரிசை: லஷ்மனோவா 1:25:02, கனிஸ்கினா 1:25:09, சீனாவின் திபெத்திய வீராங்கனை சியேயாங் ஷென்ஜே 1:25:16, லியு ஹோங், கிர்த்யாப்கினா, ஆறாவதாக லூ ஷியுஜி. 2016-ல் கனிஸ்கினா நீங்கியதும் சியேயாங் வெள்ளி, லியு வெண்கலம். ஐந்தாம் இடத்துக் கிர்த்யாப்கினாவும் பிறகு நீங்கினார். 2022 மார்ச்சில் லஷ்மனோவாவின் 2012 பிப்ரவரி 18 முதல் 2014 ஜனவரி 3 வரையிலான முடிவுகள் ரத்தானதும் சியேயாங் தங்கம், லியு வெள்ளி, ஆறாவதாக வந்த லூ வெண்கலம். லஷ்மனோவா 2014-ல் ஒரு தடை பெற்றிருந்தார், அது வேறு வழக்கு. தடை செய்யப்பட்ட ஒரு மருந்து நேரடியாகக் கிடைத்தது. இரண்டையும் குழப்பி எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

நீங்கள் கைவசம் வைத்திருக்கும் பட்டியல் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, லண்டன் 2012 பெண்கள் 20 கிலோமீட்டர் வரியைப் பாருங்கள். கனிஸ்கினா வெள்ளியில் இருந்தால் அது 2016 மார்ச்சுக்கு முந்தைய தகவல். சியேயாங் வெள்ளியில் இருந்தால் 2016-க்கும் 2022-க்கும் இடைப்பட்டது. சியேயாங் தங்கத்தில் இருந்தால் புதியது. அத்லரின் 1:24:56 மட்டும் எந்தக் காலத்துப் பட்டியலிலும் கனிஸ்கினாவின் சிறந்த நேரமாக இருக்கும். அது 2009 பிப்ரவரி, கோட்டுக்கு ஐந்தரை மாதம் முந்தையது.